சின்னதா பெரிசா என்று கேட்கிற பொடியன்களுக்கு

கண்டி டவுனில் ஒரு கடைக்குள் போய்ப் பணத்தைக் கொடுத்துக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வர நம்மில் யாராலும் முடியாது. அப்படி வாங்க முடியாத ஒரு சாமானில் எந்தச் சைஸ் நல்லது என்று நம்ம பொடியன்கள் வாட்ஸ்அப்பில் விடிய விடிய வாதாடுகிறார்கள். க்ளொக் 17ஆ, க்ளொக் 19ஆ? பெரிசா, சின்னதா? இடுப்பின் முன்பக்கம் சொருகுவதா, பின்பக்கமா? சேட்டுக்கு மேலால் தெரியுமா, தெரியாதா?

முதலில் இது வெறும் கேம் பைத்தியம் என்றுதான் நாங்களும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு கேள்வி மாறியது. "மச்சான், திகன மாதிரி இன்னொரு முறை நடந்தா? நம்மகிட்ட ஒன்று இருக்க வேணாமா?" இதற்குச் சிரிக்க முடியாது. பயத்திலிருந்து வருகிற கேள்வி இது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அகிம்சைப் பாடம் எடுக்க நாங்க வரவில்லை. துவக்கு கெட்டது, தொடக்கூடாது என்று மூத்தவர்கள் மாதிரிச் சொல்லிவிட்டுப் போகவும் மாட்டோம். சொல்ல வருவது ஒன்றுதான்: மறைத்து வைத்த துவக்கு, நேரம் தெரிந்தவனுக்கு மட்டும்தான் உதவும். எப்போது சுடப்போகிறோம் என்பது தாக்க வருகிறவனுக்குத் தெரியும், தன்னைக் காத்துக்கொள்ள நினைக்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. சின்னதோ பெரிசோ, இந்தக் கணக்கு மாறாது.

சைஸ் விவாதத்தில் என்ன இருக்கு?

முதலில் அந்த விவாதத்தை நியாயமாகவே கேட்போம். க்ளொக் 17 ஒஸ்திரிய இராணுவத்துக்காக 1982இல் வந்த முழுச் சைஸ் பிஸ்டல். குழல் 114 மில்லிமீற்றர், மெகசினில் 17 ரவை. அதையே கொஞ்சம் வெட்டிக் குறைத்து 1988இல் க்ளொக் 19ஐ விட்டார்கள். குழல் 102 மில்லிமீற்றர், 15 ரவை. அதாவது இத்தனை இரவுச் சண்டையும் 12 மில்லிமீற்றருக்கும் 2 ரவைக்கும்தான்.

பெரிசின் பக்கம் நிற்கிறவர்கள் சொல்வது: கை முழுக்கப் பிடிக்கலாம், பாரம் இருப்பதால் சுடும்போது உதைப்பு குறைவாகத் தெரியும், குறிபார்க்கும் தூரம் நீளம், அதனால் குறி தப்புவது குறைவு. சின்னதின் பக்கம் நிற்கிறவர்கள் சொல்வது: பெரிசை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் நடக்கும், சின்னதென்றால் தினமும் இடுப்பில் இருக்கும். உடுப்புக்கு மேலால் காட்டிக்கொடுப்பது குழலைவிடப் பிடிதான், சின்னதில் பிடி குட்டை என்பதால் மறைக்க லேசு. இதைவிடச் சின்னது வேண்டுமென்றால் 2018இல் வந்த சிக் பி365 இருக்கு, அது சட்டைக்கடியில் காணாமலே போய்விடும். ஆனால் சின்னதாகச் சின்னதாக நேராகச் சுடுவது கஷ்டம், பயிற்சி கூட வேண்டும்.

இரண்டு பக்கமும் சொல்வது பொய்யில்லை. ஆனால் இது அமெரிக்காக்காரனின் கேள்வி. 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டுதிரிவதும் அரசியலமைப்புத் தந்த உரிமை என்று தீர்ப்பு சொன்னது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்துக் கொண்டுபோக அனுமதிப்பத்திரமே தேவையில்லை. அங்கே இது சந்தை. புது மொடல் விற்க வேண்டும், புது உறை விற்க வேண்டும், அதற்கு வீடியோ வேண்டும். அந்த வீடியோவைத்தான் கட்டுகஸ்தோட்டையில் இருந்து நாம டேட்டா போட்டுப் பார்க்கிறோம்.

அந்தச் சந்தை தன் விளம்பரத்தில் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கு. 2022இல் அமெரிக்காவில் துவக்கால் செத்தவர்கள் 48,000க்கு மேல். அதில் ஏறத்தாழ 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துவக்கால் போன உயிர்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலையில் போனவை. இதற்குத் திரும்பவும் வருவோம்.

மறைத்த துவக்கு யாருக்கு உதவியது?

நம்ம பக்கத்துச் சரித்திரத்தில் சின்னதும் பெரிசும் இரண்டுமே பாவிக்கப்பட்டிருக்கு. வாங்க, பார்ப்போம்.

1948 ஜனவரி 30, டில்லி. காந்தியைச் சுட்டது பெரெட்டா 1934 மொடல். பொக்கெட்டுக்குள் அடங்குகிற சின்ன பிஸ்டல். கும்பிட்டபடி கிட்டப் போனான், மூன்று வெடி, முடிந்தது.

1959 செப்டம்பர் 25, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவைச் சுட்டது பெரிய ரிவோல்வர். அதை மறைத்தது பிக்குவின் காவி. பிக்குவைக் கண்டு பிரதமர் குனிந்து வணங்கப் போன நேரம் வெடி விழுந்தது. முழுச் சைஸ் துவக்கை மறைப்பது கஷ்டம் என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம்பிக்கை கிடைக்கிற உடுப்பு ஒன்று இருந்தால் எந்தச் சைஸும் மறையும்.

1967 ஜனவரி 12, சென்னை ராமாவரம். நம்ம நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரை அவருடைய வீட்டிலேயே வைத்து எம்.ஆர். ராதா சுட்டார். வந்தவர் எதிரி வேஷத்தில் வரவில்லை, கூட நடித்தவர், கதைக்க வந்தவர். படத்தில் நூறு பேரை அடித்து விழுத்திய எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது, உயிர் தப்பினாலும் குரல் பழையபடி வரவில்லை.

1989 ஜூலை 13, கொழும்பு. அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் சுட்டவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்த விருந்தாளிகள். அவர்களைச் சோதிக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர்களே காவலர்களிடம் சொல்லியிருந்தார்கள். தமிழ்ப் பெடியன்கள் தமிழ்த் தலைவர்களைச் சுட்டார்கள். சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் திருப்பிச் சுட்டு மூன்று பேரையும் விழுத்தினார். அவர் கையில் துவக்கு இருந்தது, குறியும் சரி, தைரியமும் சரி. ஆனால் அதற்குள் இரண்டு பேரின் உயிர் போய்விட்டது.

2025 பெப்ரவரி 19, அளுத்கடை நீதிமன்றம். கணேமுல்ல சஞ்சீவவைப் பலத்த பாதுகாப்போடு சிறையிலிருந்து கொண்டுவந்தார்கள். சுற்றிவர ஆயுதம் தரித்தவர்கள். சட்டத்தரணி உடுப்பில் வந்தவன் சுட்டான். ரிவோல்வர் உள்ளே வந்தது நடுப்பக்கங்களை வெட்டிக் குழி பண்ணிய ஒரு சட்டப் புத்தகத்துக்குள்.

ஐந்து இடம், ஐந்து விதத் துவக்கு. ஒன்று பொக்கெட்டுக்குள் வந்தது, ஒன்று காவிக்குள், ஒன்று புத்தகத்துக்குள். எல்லாவற்றிலும் ஒரே கதை: மறைத்துக்கொண்டு வந்தவன் ஜெயித்தான், ஏனென்றால் எந்த நொடியில் எடுப்பது என்று முடிவு பண்ணியவன் அவன்தான். எதிரே இருந்தவர்களிடம், சுற்றி நின்றவர்களிடம் துவக்கு இருந்ததா இல்லையா என்பது அந்த முதல் நொடியை மாற்றவே இல்லை.

யூடியூப் அண்ணன்மார் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய வீடியோவில் கள்ளன் எப்போதும் முன்னால் இருந்து, வெளிச்சத்தில், ஒருத்தனாக, கொஞ்சம் மெதுவாகத்தான் வருவான்.

"83இல் ஒன்று இருந்திருந்தா?"

இது பலமான கேள்வி. தட்டிக்கழிக்கக்கூடாது. 83 ஜூலையில் கண்டி டவுனிலும் தமிழ்க் கடைகள் எரிந்தன. நம்ம தாத்தா பாட்டிமார் சிலர் அந்த இரவைத் தேயிலைக்குள் ஒளிந்து கழித்தவர்கள். கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கைத்துப்பாக்கியில் 15 ரவை. வெளியே 300 பேர், கையில் பெற்றோல். முதல் வெடி வைத்ததும் சிலர் ஓடுவார்கள், உண்மைதான். பிறகு என்ன? அன்றைக்கு அந்தக் கும்பலுக்குப் பின்னால் நின்றது யார்? கும்பலோடு வந்தவர்களுக்குக் கையில் வாக்காளர் இடாப்பு இருந்த காலம் அது. ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டதை நாடு முழுக்க அப்பாவிகளை எரிக்கக் காரணமாக்கினார்கள். கண்டியில் ஒரு தமிழ்க் கடைக்காரர் இரண்டு பேரைச் சுட்டிருந்தால் அதை எத்தனை வீட்டை எரிக்கக் காரணமாக்கியிருப்பார்கள்? அந்தக் கடைக்காரர் ஒருவேளை தப்பியிருப்பார். அவருடைய தெரு தப்பியிருக்குமா?

2018ஐ எடுப்போம், அது நம்ம கண்முன்னால் நடந்தது. தெல்தெனியவில் வாகனத் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி மார்ச் 3 அன்று இறந்தார். 5ஆம் திகதி திகன எரிந்தது. முஸ்லிம் இளைஞர் ஒருவர் எரிந்த வீட்டுக்குள்ளேயே செத்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை. பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அதற்குப் பிறகும் அக்குறணைப் பக்கம் எரிந்தது.

அந்த நாட்களில் கண்டியில் துவக்குக்குப் பஞ்சமா இருந்தது? பொலிஸ் இருந்தது, விசேட அதிரடிப்படை இருந்தது, இராணுவமும் வந்தது. முழுச் சைஸுக்கும் மேலே, தோளில் தொங்குகிற துவக்குகள். அவை இருக்கும்போதே கடைகள் எரிந்தன. பொலிஸாரே முஸ்லிம்களை அடித்ததைக் காட்டுகிற காட்சிகள் வெளிவந்தன. அவற்றைப் பிடித்தது பள்ளிவாசல் சிசிடிவி கெமரா. சில வீடுகளில் ஆட்களை உள்ளே கூட்டிப்போய் ஒளித்துக் காப்பாற்றியவர்கள் பக்கத்து வீட்டுச் சிங்களவர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் சில பிக்குமார் பள்ளிவாசல்களுக்குப் போய்ப் பக்கத்தில் நின்றார்கள்.

ஆக 2018இல் உயிரைக் காத்தவை கெமராவும் அயல்வீட்டுக் கதவும். இது அழகான பேச்சுக்காகச் சொல்வதில்லை, நடந்தது அதுதான். அந்தக் கதவு எல்லா வீட்டிலும் திறக்கவில்லை என்பதும் நடந்ததுதான். நம்ம வேலை அங்கேதான் இருக்கு.

நம்ம இடுப்பும் அவர்களின் இடுப்பும்

மலையில் துவக்கு யார் கையில் இருக்கலாம் என்பதை எப்போதும் மேலே இருக்கிறவர்கள்தான் தீர்மானித்தார்கள். 1848இல் டொரிங்டன் ஆளுநர் போட்ட வரிகளில் துவக்கு வரியும் ஒன்று: துவக்கு வைத்திருக்கிற ஒவ்வொருத்தனும் வருஷத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டி அனுமதி எடுக்க வேண்டும். கண்டிக் கிராமத்துச் சிங்கள விவசாயி எதிர்த்தான், மாத்தளையில் கலகம் வெடித்தது. இராணுவச் சட்டம் போட்டு ஏறத்தாழ 200 பேரைக் கொன்றார்கள். அவர்களிடமும் துவக்குகள் இருந்தன. எதிர்ப்பக்கம் ஒரு சிப்பாய்கூடச் சாகவில்லை.

1915இல் கம்பளைப் பெரஹெர வழக்கிலிருந்து கிளம்பி, கண்டியில் தொடங்கிய சிங்கள–முஸ்லிம் கலவரம் நாடு முழுக்கப் பரவியது. அடுத்த வருஷம் வந்ததுதான் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு இன்றைக்கும் அதுதான் சட்டம். அதே காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்கென்று கண்டியைத் தலைமையகமாகக் கொண்டு ஒரு தனி ரைபிள் படைப்பிரிவே இருந்தது. தோட்டத்து ஆளுக்குக் கவ்வாத்துக் கத்தி, துரைக்கு ரைபிள்.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டம். சம்பளம் கூட்டச் சொல்லி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் பொலிஸ் சுட்டது. கோவிந்தன் செத்தார். கோவிந்தன் கையில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பொலிஸ் தற்காப்புக்காகச் சுட்டது என்று ஒரு வரி எழுதி அன்றைக்கே கோப்பை மூடியிருப்பார்கள். கையில் துவக்கில்லாத ஆளைச் சுட்டதால்தான் அது ஊரைக் குலுக்கியது. விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள், கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார், அமைச்சரவையே ஆடிப்போனது. 85 வருஷம் தாண்டியும் அந்தப் பெயரை நாம சொல்கிறோம்.

இன்றைக்கு என்ன நிலை? பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு வேட்டைத்துவக்கு எடுக்க மாவட்டச் செயலகத்துக்குப் போக வேண்டும், வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு. தன் உயிருக்கு ஆபத்து என்று அமைச்சை நம்ப வைக்க வேண்டும். தோட்டத்துப் பொடியன் சொன்னால் நம்புவார்களா? அரசியல்வாதி சொன்னால் நம்பினார்கள். அந்தத் துவக்குகள் எப்படிப் பாவிக்கப்பட்டன என்பதற்கு 2011 ஒக்டோபர் 8 முல்லேரியா போதும்: உள்ளூராட்சித் தேர்தல் நாளில் ஒரே கட்சியின் இரண்டு புள்ளிகள் தங்கள் ஆயுதப் பரிவாரங்களோடு மோதினார்கள், பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர உட்பட நான்கு பேர் செத்தார்கள். சுற்றிவரத் துவக்கு இருந்தது ஒருத்தரையும் காக்கவில்லை. வழியில் கத்திப் பேசி முடித்திருக்க வேண்டிய சண்டை அது. துவக்கு இருந்ததால் பிணங்கள் விழுந்தன.

2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்காகக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. நல்லது. 2025 ஒக்டோபர் 22 அன்று வெலிகம பிரதேச சபைத் தலைவரைத் தன் அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றதும் அரசியல்வாதிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு திரும்பவும் கிளம்பியது. அவர்கள் பயம் நமக்கு விளங்குது. ஆனால் அந்த அலுவலகத்துக்கு வந்தவனும் நேரம் தெரிந்துகொண்டு வந்தவன்தான்.

இப்ப நம்ம இடுப்புக்கு வருவோம். தலதா மாளிகை வாசலில் உடம்பைத் தடவிப் பார்க்கிற வரிசையில் நின்ற நம்ம ஆட்கள் எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். 1998 ஜனவரி 25 குண்டுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் தெரியும். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்த பிறகு கை இன்னும் கொஞ்ச நேரம் தடவும். எதையும் மறைக்காத உடம்பே இங்கே சந்தேகத்துக்குரியது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு வாள், பெரிய கத்தி எல்லாம் ஒப்படையுங்கள் என்று பொலிஸ் அறிவித்தது. பிறகு முஸ்லிம் வீடுகளில் குசினிக் கத்தியும் டிவியில் காட்டுகிற சாமானாகியது.

மன்னாரில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். கையில் இருந்தது ஒரு தமிழ்க் கவிதைத் தொகுப்பு. ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்துவிட்டுப் பிணை கொடுத்தார்கள், 2023இல் விடுதலையானார். கவிதைப் புத்தகத்துக்கே இந்த விலை என்றால், உரிமப்பத்திரமில்லாத துவக்கோடு பிடிபடுகிற தமிழ், முஸ்லிம் பொடியனுக்கு என்ன விலை? பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியாக எடுக்கிற 1979ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கு. பிடிபடுவது அவன் ஒருத்தன் இல்லை. அவன் அண்ணன், போன் நம்பர் வைத்திருந்த கூட்டாளி, வாடகைக்கு ரூம் கொடுத்தவர் என்று முழு லைனும் பிடிபடும்.

லயத்து அறையில் எங்கே ஒளிப்பது?

மறைப்பது லேசா கஷ்டமா என்று கேட்கிறவர்களுக்கு இன்னொரு கேள்வி. லயத்து அறை 10க்கு 12 அடி. அதற்குள் ஐந்து பேர். அம்மா, அப்பா, படிக்கிற தங்கச்சி, சின்னவன், நீங்க. அந்த அறையில் க்ளொக் 19ஐ எங்கே ஒளிப்பீங்க? ரங்குப் பெட்டியிலா, சாமிப் படத்துக்குப் பின்னாலா, தலகாணிக்கு அடியிலா? டவுனில் இரண்டு ரூம் வாடகை வீட்டிலும் இதே கதைதான். தெருவில் போகிறவனிடம் இருந்து 102 மில்லிமீற்றரை மறைக்கலாம். சின்னவனிடம் இருந்து மறைக்க முடியாது. சம்பள நாள் ராத்திரி குடித்துவிட்டு வருகிற அப்பாவிடம் இருந்தும் மறைக்க முடியாது. பரீட்சை ரிசல்ட் வந்த இரவு உங்களிடமே இருந்து எப்படி மறைப்பீங்க?

இது பயங்காட்டுகிற பேச்சில்லை, இந்த நாட்டிலேயே நிரூபிக்கப்பட்டது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் செத்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் ஒன்று. மலையிலும் வயல்நாட்டிலும் கைக்கெட்டுகிற தூரத்தில் பூச்சிமருந்துப் போத்தல் இருந்தது. 1995இல் அதிக நஞ்சுள்ள மருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்தார்கள். பத்து வருஷத்தில் சாவு பாதியாகக் குறைந்தது. சனங்களின் கஷ்டம் பாதியாகக் குறைந்ததா? இல்லை. யுத்தம் இருந்தது, கடன் இருந்தது, குடி இருந்தது. அந்தக் கெட்ட பத்து நிமிஷத்தில் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த சாமான் மட்டும் இல்லாமல் போனது. உயிர்கள் தப்பின.

போத்தலை எடுத்த பிறகு அந்த இடத்தில் பிஸ்டலைக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறீங்களா? விஷம் குடித்த பலரைப் பேராதனை ஆஸ்பத்திரி காப்பாற்றியிருக்கு. தலையில் சுட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற தேவையே அநேகமாக வராது.

"பெண்பிள்ளைகளுக்காவது?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஹேண்ட்பேக்குக்குள் போகிற சின்ன பிஸ்டலை அமெரிக்கக் கம்பனிகள் பிங்க் கலரிலேயே விற்றிருக்கின்றன. நம்ம குழுவில் இருக்கிற பெண் தோழர்கள் இதற்குச் சொன்ன பதில்: பஸ்ஸில் உரசுகிறவனைச் சுட முடியாது, சுடவும் கூடாது. வீட்டில் அடிக்கிறவன் இருந்தால், அந்த வீட்டுக்குள் வருகிற துவக்கு அவன் துவக்காகத்தான் இருக்கும். ஹேண்ட்பேக் யாருடையது என்று துவக்கு பார்க்காது. அவர்கள் கேட்பது இரவு பஸ், லைட் எரிகிற ரோட்டு, முறைப்பாட்டைத் தமிழில் எழுதுகிற பொலிஸ் நிலையம். இவை எதுவும் இடுப்பில் சொருகுகிற சாமானில்லை.

அப்ப என்னதான் செய்றது?

ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்று நாங்க சொல்லவே இல்லை. பயம் இருக்கிற இடத்தில் ஆயத்தம் இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில், உங்கள் டிவிஷனில், பிரச்சினை வந்தால் முதலில் யாருக்கு அடிப்பது என்று பத்து நம்பரை இப்பவே எழுதி வையுங்கள். அதில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் மூன்று பேரும் இருக்க வேண்டும். அந்தப் பத்து பேரோடு பிரச்சினை இல்லாத நாளில் பழகுங்கள். வெசாக் தன்சலில் நில்லுங்கள், பெருநாளுக்குப் போங்கள், பொங்கலுக்குக் கூப்பிடுங்கள். 2018இல் கதவு திறந்த வீடுகளில் முதலே பழக்கம் இருந்தது. கதவு அந்த இரவில் புதிதாகப் பழகித் திறக்காது.

கெமராவை எப்படிப் பாவிப்பது, எடுத்ததை எங்கே பத்திரப்படுத்துவது என்று பழகுங்கள். பேஸ்புக்கை முடக்கினாலும் காட்சி அழியாமல் இருக்க வேண்டும். தங்கள் மொழியில் வாக்குமூலம் கொடுக்க நமக்கு உரிமை இருக்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகம் எங்கே இருக்கு என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். எந்த அரசியல்வாதிக்கு, என்ன காரணத்துக்கு, எத்தனை துவக்கு கொடுத்தீர்கள், எத்தனை திரும்பி வந்தது என்ற பட்டியலை வெளியிடுங்கள். 2018இல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற, கையை நீட்டி அடித்த அதிகாரிகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பெயர் மாற்றாமல், முழுசாக எடுங்கள். இந்த மூன்றும் நடந்தால் நம்ம பொடியன்களின் பயம் பாதியாகக் குறையும். எந்தக் க்ளொக்காலும் அதைக் குறைக்க முடியாது.

பயந்திருக்கிற தம்பிமாருக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் பயத்தை நாங்க மதிக்கிறோம். அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் பண்ணுகிற யூடியூப்காரனையும், அதைக் காட்டி உங்களை உள்ளே போடக் காத்திருக்கிற சட்டத்தையும் மதிக்க மாட்டோம். முல்லோயாவில் கோவிந்தனுக்குப் பக்கத்தில் நின்றவர்களிடம் துவக்கு இருக்கவில்லை, ஆனால் அவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். நாமும் கூட்டமாக இருப்போம், மறைக்காமல் வெளியில் தெரியவே நிற்போம்.